சுகந்தி கல்யாணத்தின் நாற்பத்தெட்டாவது காப்பி

சுகந்தியின் கல்யாண வீடியோவை இரண்டாம் தடவை காப்பி போட்டபோது, கல்யாணத்தன்று மலேசியாவில் ஒரு ஓட்டலில் பரோட்டா வீசிக்கொண்டிருந்த ராசமாணிக்கம், மண்டபத்துப் பந்தியில் மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தான். வேம்பங்கரையில் இதை முதலில் பார்த்தது அவனைப் பெற்ற பாக்கியத்தம்மாள். பார்த்தவள் அலறவும் இல்லை, மயங்கி விழவும் இல்லை. "என்னடி இது, எம்புள்ள இப்படி இளைச்சுக் கெடக்கான்," என்றாள். அன்று மாலை மலேசியாவுக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு ராசமாணிக்கம், ஆமாம்மா, மத்தியானத்திலிருந்து வயிறு கும்மென்று இருக்கிறது, ஏப்பம் விட்டால் வத்தக்குழம்பு வாசம் வருகிறது, அப்பளம்தான் கொஞ்சம் நமத்துப் போயிருந்தது என்று சொன்னான். ஊரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. தங்கச்சி முறை உள்ளவள் கல்யாணத்துக்கு வராமல் இருந்தால்தான் குறையே தவிர, வந்ததில் என்ன குறை?

படம் எடுத்தவனும் காப்பி போட்டவனும் பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருக்கும் பிலோமின்ராஜ். 'காப்பி எடுத்தால் தரம் குறையாது' என்று சிவப்பு பெயிண்டில் கடை வாசலில் எழுதி வைத்திருப்பவன். அந்தப் பக்கத்து வழக்கப்படி ஆல்பமும் ஒரிஜினல் டிவிடி தட்டும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டன. பெண் வீட்டுக்கு மிஞ்சியது ஒரு காப்பி. கம்ப்யூட்டரில் இருந்ததை அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டுமென்று பிலோமின் அழித்துவிட்டான். ஆகவே இனி யாருக்குப் போட்டாலும் காப்பிக்குக் காப்பி, அந்தக் காப்பிக்கு இன்னொரு காப்பி என்றுதான் போட்டாக வேண்டும். பெண்ணைப் பெற்ற வைரக்கண்ணுவுக்கு அதில் பெரிய கவலை. பத்தாவது காப்பிக்குள் மகளுடைய முகம் அழிந்து வெறும் நகை மட்டும் தெரியுமோ என்று பயந்து, கடைக்கே போய்க் கேட்டார்.

"கேசட் காலம் வேற அய்யா," என்றான் பிலோமின். "அதுல காப்பிக்குக் காப்பி போட்டா கலர் வெளிறும், மழை பெய்யும், பொண்ணு மாப்பிள்ளை மூஞ்சில கோடு விழும். இது தட்டு. உள்ள இருக்கிறது பூரா சைபரும் ஒண்ணும்தான். சைபரைக் காப்பி போட்டா சைபர்தான வரும்? அது எப்படி அரை சைபராப் போகும்?"

"குறையாதுல்ல?"

"மயிரிழை குறையாது."

அவன் சொன்னதில் பொய் இல்லை. மயிரிழை குறையவில்லை. கூடுமா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை, அதனால் அவனும் சொல்லவில்லை.

தட்டின் மேல் பிலோமின் மார்க்கர் பேனாவால் யார் பெயரை எழுதுகிறானோ அந்த ஆள் வந்துவிடுவான், அவ்வளவுதான் விஷயம். துபாய் என்று எழுதினால் துபாயிலிருந்து, கத்தார் என்று எழுதினால் கத்தாரிலிருந்து, லீவு கிடைக்காதவன், டிக்கெட்டுக்கு வழியில்லாதவன், அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லாமல் வராமல் இருந்தவன், எல்லாரும் வாழைமரம் கட்டிய வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வரவேற்பு மேசையில் சந்தனம் தொட்டு, கற்கண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, பொண்ணு மாப்பிள்ளை மேல் அட்சதை போட்டுவிட்டுப் பந்திக்கு நடந்தார்கள். ஒரு காப்பியில் வந்தவன் அதிலிருந்து போட்ட அடுத்த காப்பியிலும் இருந்தான். வேம்பங்கரையில் வீட்டுக்கு ஒருவன் கடல் தாண்டிப் போனவன் என்பதால் பிலோமின் கடை வாசலில் பெண்கள் காலையிலேயே வந்து நின்றார்கள். வந்தவர்கள் வீடியோவில் பொண்ணையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. தலை நரைத்திருக்கிறதா, கழுத்தில் சங்கிலி இருக்கிறதா, இரண்டாம் தடவை சோறு வாங்குகிறாரா என்று பார்த்தார்கள். குவைத்தில் இருக்கும் புருஷன் சோறு பிசைவதைப் பார்த்த கஸ்தூரி, மூன்று விரலால் பிசைகிறாரே என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்து, சுண்டு விரலும் பக்கத்து விரலும் இல்லாததைக் கண்டுபிடித்துப் போன் போட, மெஷினில் கொடுத்ததை எட்டு மாதமாக மறைத்து வைத்திருந்த அந்த மனிதர் போனிலேயே விசும்பினார். போன வருஷம் சிங்கப்பூரில் மாரடைப்பில் போன தன் புருஷன் பெயரையும் காத்தாயி ஒருநாள் எழுதச் சொன்னாள். பிலோமின் மறு பேச்சில்லாமல் எழுதினான். அந்தக் காப்பியில் யாரும் வரவில்லை. உயிரோடு இருக்கிறவர்கள்தான் வருவார்கள் என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

தெரிந்ததிலிருந்து தையல்நாயகிக்குத் தூக்கம் போயிற்று.

தையல்நாயகி வைரக்கண்ணுவின் மூத்த மகள், சுகந்தியின் அக்காள். தாய் இல்லாத வீட்டில் தங்கச்சிக்குத் தாயாக நின்று கல்யாணத்தை நடத்தியவள். அவள் புருஷன் நீலமேகம் அரபு நாட்டுத் தம்மாமில் தண்ணீர் லாரி ஓட்டப் போய் ஐந்து வருஷம். பிள்ளை இல்லை. கல்யாணத்தன்று காலை போனில் பேசியதுதான் கடைசி. அதன் பிறகு ஏழு மாதம் அந்த எண் அடங்கிக் கிடந்தது. கம்பெனியில் விசாரித்தால், ஓடிப்போன ஆளைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும் என்றார்கள். கூடத் தங்கியிருந்தவர்கள், ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான் தெரியும் என்றார்கள்.

ஊரில் நாற்பது பேர் வந்துவிட்டார்கள், நீ மட்டும் ஏன் உன் புருஷனுக்கு ஒரு தட்டு போடவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள். அவள், போடலாம், போடலாம் என்று இழுத்தாள். போட்டு, அவர் வராவிட்டால்? காத்தாயிக்கு வராத மாதிரி தனக்கும் வராவிட்டால்? போடாத வரைக்கும் அவர் எங்கேயோ இருக்கிறார். போட்டுப் பார்த்துவிட்டால் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று ஏழு மாதம் அதற்குள் படுத்துப் புரண்டவளுக்குத்தான் தெரியும். மூன்று தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், கடைக்குப் பக்கத்தில் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினாள். நாலாவது தடவை வெண்டைக்காய்க்காரி, "வீட்டுல வேற காயே செய்யறதில்லையா?" என்று கேட்டுவிட்டாள். அந்த வெட்கத்திலேயே கடைக்குள் நுழைந்து, "நீலமேகம், தம்மாம்னு எழுது தம்பி," என்றாள்.

பிலோமின் எழுதினான்.

வீட்டில் அப்பாவும், பிறந்த வீட்டில் வந்து தங்கியிருந்த தங்கச்சி சுகந்தியும், பக்கத்து வீட்டுக் கஸ்தூரியும் கூட உட்கார, தட்டைப் போட்டு முகூர்த்தம் முழுக்கப் பார்த்தார்கள். அவர் இல்லை. முதல் பந்தியில் இல்லை. இரண்டாம் பந்தியில் இல்லை. சுகந்தி மெதுவாக அக்காளின் கையைப் பிடித்தாள். தாலி கட்டி முடிந்து, பந்திகளுக்கு நடுவே கேமராவைச் சும்மா வாசல் பக்கம் திருப்பி வைத்திருந்த நாலு நிமிஷம் வந்தது. யாரும் ஓட்டிவிட்டுப் போகும் இடம் அது. வரவேற்பு மேசை, அதன் மேல் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டு, பின்னால் காலியான ஒரு நாற்காலி. அதற்கு அப்பால், வாழைமரத்துக்கு வெளியே, வெயிலில், பழுப்பு யூனிபார்ம் சட்டையோடு நீலமேகம் நின்றுகொண்டிருந்தார்.

தையல்நாயகி வாய்விட்டு அழுதாள். ஏழு மாதமாக அழாத அழுகை. இருக்கிறார், இருக்கிறார், அப்பா, இருக்கிறார் என்று வைரக்கண்ணுவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. அவ்வளவு சந்தோஷத்தை அந்த வீடு கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

அவர் உள்ளே வரவில்லை என்பது இரண்டாம் தடவை ஓட்டிப் பார்த்தபோதுதான் மனசில் பட்டது. நாலு நிமிஷமும் வாழைமரத்தடியில் நின்றார். காதில் போன் வைத்திருந்தார். மேசையைப் பார்த்தார், காலி நாற்காலியைப் பார்த்தார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கேமரா மேடைக்குத் திரும்பியது. திரும்ப வாசல் பக்கம் வரவே இல்லை.

"வாங்கன்னு சொல்ல ஆள் இல்லையே," என்றார் வைரக்கண்ணு. "எப்படி வருவாரு மாப்பிள்ளை?"

அந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காவிட்டால்கூட ஒரு மாதிரி சமாதானம் சொல்லிவிடலாம். வாசலில் வந்து நின்ற மனிதரை வாங்க என்று கூப்பிடாமல் விட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு இருக்காது. கூப்பிடாத வாசலில் காலெடுத்து வைக்க எந்த மானமுள்ளவனுக்கும் முடியாது, அதுவும் மாமனார் வீட்டு விசேஷத்தில். மற்ற நாற்பது பேரும் காலையில் தையல்நாயகி மேசையில் உட்கார்ந்து, வாங்கண்ணே, வாங்க மாமா என்று பன்னீர் தெளித்த நேரத்தில் வந்தவர்கள். இவர் மட்டும் அந்த நாலு நிமிஷத்தில் வந்திருக்கிறார். அந்த நாற்காலி யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நாலு நிமிஷம் அவள் எங்கே போனாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

தட்டை ஓட்டிவிட்டு அந்த இடம் வரும்போது தெருப் பெண்கள் டிவிக்கு முன்னால் நின்று, "வாங்கண்ணே, உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க," என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். வைரக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையும் கூப்பி, "மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். டிவிக்குள்ளே சத்தம் போகவில்லை. அடுத்தடுத்து வேறு பெயருக்குப் போட்ட காப்பிகளிலும் அவர் அங்கேயேதான் நின்றார். வாரத்துக்கு ஒரு சுற்று முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

பிலோமினுக்கு ஒரு யோசனை தோன்றியது. "அக்கா, வராதவங்க பேரை எழுதினா வர்றாங்க. அந்த நாலு நிமிசம் நீங்க மேசையில இல்ல. அப்ப அந்த இடத்துக்கு நீங்களும் வராதவங்கதான? உங்க பேரையே எழுதிப் பார்க்கலாமா?"

தையல்நாயகி முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் உள்ளே வந்துவிடுவார் என்ற ஆசை அவள் வாயை அடைத்துவிட்டது.

அந்தக் காப்பியைப் பார்க்கத் தெருவே திரண்டு வந்திருந்தது. வாசல் இடம் வந்தது. நாற்காலி காலியாகவே இருந்தது. பிலோமின் எடுக்கவே எடுக்காத ஒரு படம் அதற்கு அடுத்து வந்தது. மண்டபத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி, அதன் பக்கத்தில் பட்டுப்புடவையோடு தையல்நாயகி, காதில் போன். சத்தமும் கேட்டது, இரைச்சல் இல்லாமல், பக்கத்தில் நின்று கேட்பது போல. கம்பெனியை விட்டு வந்துட்டேன் தையலு, பாஸ்போர்ட் அவங்ககிட்ட இருக்கு, ஒளிஞ்சுதான் இருக்கேன், எப்படி வர்றதுன்னு தெரியல என்று அவர் சொன்னது கேட்டது. அதற்கு அவள் சொன்னதும் கேட்டது.

"காலையிலேர்ந்து நூறு பேரு கேட்டாச்சு, மாப்பிள்ளை வரலையா, மாப்பிள்ளை வரலையான்னு. நூறு பேருக்கும் நாந்தான் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். நீங்க வந்தா என்ன, வராட்டா என்ன. நீங்க இல்லாமலே இங்க எல்லாம் நல்லா நடக்குது. இனிமே வராதீங்க."

படம் வாசலுக்குத் திரும்பியது. வாழைமரத்தடியில் நின்ற நீலமேகம் போனைக் காதிலிருந்து எடுத்து, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முப்பதடி தூரம்தான் இருவருக்கும். நடுவில் ஒரு மண்டபம்.

ஒருத்தியும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கஸ்தூரி எழுந்து போகும்போது அவள் தலையைத் தடவிவிட்டுப் போனாள். புருஷன் தூரத்தில் இருக்கும் எந்தப் பெண் அந்த மாதிரி ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கிறாள்? மற்றவர்கள் சொன்னதற்கு மறுநாள் போன் வந்தது. இவள் சொன்னதற்கு வரவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

இது இப்படி இருக்க, கல்யாணத்தில் வேறொரு சிக்கல் முற்றிக்கொண்டு வந்தது. சமையல்காரர் துரைக்கண்ணு ஒருநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வைரக்கண்ணுவின் வாசலில் நின்று சத்தம் போட்டார். "நான் ஆக்குனது முந்நூறு இலைக்கு. நீங்க நெனைச்சு நெனைச்சு ஆளைக் கொண்டாந்து உக்கார வெச்சா நான் எங்க போவேன்? முப்பத்தஞ்சாவது காப்பியில பாயசம் இல்ல. நாப்பதுல ரசம் தண்ணியா ஓடுது. போன வாரம் ஒருத்தரு வீடியோவைப் பார்த்துட்டு, துரைக்கண்ணு சமையலா, வேணாம்ப்பான்னு சொல்லிட்டுப் போறாரு!" நியாயமான கோபம். மறுவாரம் சம்பந்தி அம்மாள் வேன் பிடித்து வந்து இறங்கினாள். ஒரிஜினல் அவள் வீட்டு பீரோவில் பத்திரமாக இருந்தாலும், உறவுக்காரர் வீட்டில் நாற்பத்து மூன்றாவது காப்பியைப் பார்த்திருக்கிறாள். அதில் மாப்பிள்ளை வீட்டார் பந்திக்கு இடம் கிடைக்காமல் அரை மணி நேரம் கதவோரம் நின்றார்கள். அவளுடைய தம்பி கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே வேனில் போய் உட்கார்ந்தார். "அன்னிக்கு நல்லாத்தான் சாப்பிட்டோம்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். இப்பப் பார்த்தாத்தான தெரியுது நீங்க எங்களை நடத்துன லட்சணம்," என்றாள். நடக்காத அவமரியாதைக்கு வைரக்கண்ணு நிஜமாகவே மன்னிப்புக் கேட்டார். சுகந்தி அன்று மாமியாரோடு வேனில் போகும்போது அழுதுகொண்டே போனாள்.

"போதும்," என்றார் வைரக்கண்ணு. "இனிமே ஒரு காப்பியும் வேணாம். சின்னவ வாழணும்."

தட்டிலும் இடம் இல்லை என்றான் பிலோமின். வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து கல்யாணம் நீண்டு, விளிம்பு வரைக்கும் நிறைந்துவிட்டது. கஷ்டப்பட்டு இன்னும் ஒன்று போடலாம், அதற்கு மேல் ஏறாது.

அந்த ஒன்றை வைரக்கண்ணு மூத்த மகளுக்கு விட்டுக்கொடுத்தார். யார் பெயரை எழுதுவது என்று தையல்நாயகி இரண்டு நாள் யோசித்தாள். யாரை வரவழைத்தாலும் அவர்கள் விருந்தாளி. விருந்தாளியை விருந்தாளி வாங்க என்று கூப்பிட முடியாது, கூப்பிட்டாலும் அது சேராது. கூப்பிட வேண்டியவர்கள் வீட்டு ஆட்கள். வீட்டு ஆட்கள் எல்லாரும் அன்று மண்டபத்தில்தான் இருந்தார்கள், வராதவர் என்று ஒருவரும் இல்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டுக் கரண்டியோடு நின்றவளுக்குச் சட்டென்று உறைத்தது. ஒருவர் இருக்கிறார். மச்சினி கல்யாணத்தில் மூத்த மாப்பிள்ளை விருந்தாளியா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலில் ஓட வேண்டியவர் அல்லவா? நாம்தானே அவரை நீலமேகம், தம்மாம் என்று ஊரான் மாதிரி எழுதினோம், எழுதியபடிதானே அவர் ஊரானாக வாசலில் வந்து நின்றார்? வீட்டு மனிதருக்கு எதற்கு வாங்க?

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். "பேரு எழுதாத தம்பி. பொண்ணு வீட்டு மூத்த மாப்பிள்ளைன்னு எழுது."

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு நாற்பத்தெட்டாவது காப்பியைப் போட்டார்கள். அவர் நாலு நிமிஷத்துக்காகக் காத்திருக்கவில்லை. முதல் விருந்தாளி வருவதற்கு முன்பே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். பழுப்புச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பன்னீர்ச் செம்பைக் கையில் எடுத்தார். "வாங்க, வாங்க," என்று அவர் குரல் கேட்டதும் கூடத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். வைரக்கண்ணு துண்டால் கண்ணை மூடிக்கொண்டார். வந்தவர் எல்லாரையும் அவர் கூப்பிட்டார். ராசமாணிக்கத்தை முதுகில் தட்டி உள்ளே அனுப்பினார். விரல் போன கஸ்தூரி புருஷனின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சந்தனத்தைத் தானே பூசிவிட்டார். மேசையில் உட்கார்ந்திருந்த தையல்நாயகியிடம், நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உள்ளே போ என்பது போலத் தலையை ஆட்டினார். படத்திலிருந்த அவள் நிமிர்ந்து பார்க்காமலே எழுந்து போனாள். இடம் கிடைக்காமல் நின்ற சம்பந்தி வீட்டாரிடம் ஓடிப்போய்க் கையைக் கூப்பி, நாற்காலி போட்டு, மோர் கொடுத்து உட்கார வைத்தார். சம்பந்தியின் தம்பி வேனுக்குப் போகவில்லை. பாயசம் தீராமல் இருக்க, வாளியைத் தானே வாங்கிக் கரண்டியை அரைக் கரண்டியாகச் சாய்த்துச் சாய்த்துப் பரிமாறினார். முந்நூறு இலைச் சோறு முந்நூற்று நாற்பத்துச் சொச்சம் பேருக்கும் எட்டியது. "மாப்பிள்ளைன்னா இவருல்ல மாப்பிள்ளை," என்று கூடத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். துரைக்கண்ணுவுக்கு ஆள் அனுப்பினார்கள், வந்து பாரும், உம் மானம் காப்பாற்றப்பட்டது என்று. சுகந்திக்குப் போன் போட்டு, உன் மாமியாரை இதைப் பார்க்கச் சொல் என்றார்கள்.

தையல்நாயகி மட்டும் பந்தியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது பந்தி கடைசிப் பந்தி, வீட்டு ஆட்கள் பந்தி. வைரக்கண்ணு உட்கார்ந்தார். துரைக்கண்ணுவின் ஆட்கள் உட்கார்ந்தார்கள். தையல்நாயகி உட்கார்ந்தாள், நாலு மணி நேரம் நின்ற களைப்பில் தலை குனிந்து. அவள் இலையில் சோற்றை வைத்தது நீலமேகம். கொஞ்சம் நின்றார். அவள் குழம்பை ஊற்றச் சொல்லி இலையைக் காட்டினாளே தவிர, யார் என்று பார்க்கவில்லை. ஊற்றினார். இன்னும் கொஞ்சம் வைத்தார். அவள் போதும் என்று கையால் மறித்தாள். அவர் வாளியோடு அடுத்த இலைக்குப் போனார். பந்தி எழுந்தது. இலைகளைச் சுருட்டினார்கள். அவர் அடுக்களைப் பக்கம் போய் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். துரைக்கண்ணு அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நீலமேகம் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து அண்ணாந்து குடித்தார். அதோடு தட்டு முடிந்து, டிவி நீலமாயிற்று.

"அவரு சாப்பிடலையே," என்றாள் தையல்நாயகி.

யாருக்கும் காதில் விழவில்லை. எல்லாரும் எழுந்து சட்டையை உதறிக்கொண்டு, மனசு நிறைந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் பிலோமினிடம் போய் அவன் கையைப் பிடித்தாள். "இன்னும் ஒண்ணு போடு தம்பி. ஒரு இலைக்கு மட்டும்."

"தட்டுல எடம் இல்லக்கா," என்றான். "போட முடிஞ்சா போட மாட்டேனா?"

ராசமாணிக்கத்துக்கு மலேசியாவில் ஏப்பம் வந்தது என்றால், இவருக்கு அங்கே, எந்தச் சந்தில் ஒளிந்திருக்கிறாரோ அங்கே, இந்த நேரம் என்ன வரும் என்று அவளால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கையைப் பிசைந்துகொண்டு அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்தாள். பிறகு கொல்லைக்குப் போய் ஒரு நுனி இலையை அறுத்தாள். கழுவினாள். சூடாக இருந்த சோற்றை அள்ளி வைத்தாள், சாம்பார் ஊற்றினாள், உருளைக்கிழங்கு வறுவல் அவருக்குப் பிடிக்கும், அதைக் கூடுதலாக வைத்தாள். யாரோ திரும்ப ஓட விட்டிருந்தார்கள். டிவியில் நீலமேகம் பன்னீர்ச் செம்போடு வாங்க வாங்க என்று சிரித்துக்கொண்டிருந்தார். அவள் இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து டிவிக்கு முன்னால் குனிந்தாள்.

"தையலு!" என்று வைரக்கண்ணு கத்தினார். "வைக்காத! கீழ வைக்காதம்மா!"

கூடமே அலறியது. கஸ்தூரி ஓடி வந்து அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள். "அக்கா, என்ன காரியம் பண்றீங்க? படத்துக்கு முன்னால இலை போடுவாங்களா? இருக்கிற மனுசனுக்கு?"

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. படத்துக்கு முன்னால் இலை போடுவது யாருக்கு என்று அவளுக்குத் தெரியாதா? அம்மாவுக்கு வருஷா வருஷம் அவள்தானே போடுகிறாள். இலையைக் கீழே வைத்தால் அவர் இல்லை என்று ஆகிவிடும். வைக்காவிட்டால் பசியோடு நிற்பார். வைரக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டு, உள்ளே கொண்டு போயிடும்மா, உள்ளே கொண்டு போயிடு என்று கெஞ்சினார்.

"பசிக்கும்ப்பா அவருக்கு," என்றாள்.

உள்ளே கொண்டு போகவும் அவளுக்குக் கால் வரவில்லை. டிவியில் முதல் பந்தி உட்கார்ந்துகொண்டிருந்தது. சாம்பார் இலை நுனி வழியாக வழிந்து அவள் மணிக்கட்டில் ஓடியது. இலையை இறக்காமல், நேராகப் பிடித்துக்கொண்டு, அவள் அப்படியே நின்றாள்.